ஒற்றைக் கப் கடையின் காகிதக் கூடு

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் கேட்பவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருந்தால் வயிறு உப்பிக்கொள்ளும் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். நடுநடுவே அவளைத் திட்டவும் செய்வேன். அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணி ஆன்லைனில் கடை வைத்திருக்கிறாள். விற்பது பீங்கான் சாமான். ஆனால் முழு செட்டாக ஒன்றும் கிடைக்காது. ஆறு கப்பில் ஒன்றை உடைத்துவிட்டவர்களுக்கு அதே மாதிரி ஒரு கப், தட்டு போனவர்களுக்கு ஒரு தட்டு, மூடி போனவர்களுக்கு ஒரு மூடி. தெருவில் எங்கள் வீட்டுக்கே ஒற்றைக் கப் கடை என்று பெயர் வந்துவிட்டது. மூடிய ஹோட்டல்கள், காலி செய்யும் வீடுகள், பாத்திரக் கடைகளில் விற்காமல் மூலையில் கிடக்கும் சாமான்கள் என்று அலைந்து பொறுக்கிக்கொண்டு வருவாள். முன்னறை முழுக்க ரேக். எங்கள் வீட்டில் மனிதர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை, சாஸர்களுக்கு உண்டு.

யாராவது உடைந்த தட்டின் பாதித் துண்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அண்ணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பிறகு மூன்றாவது ரேக், கீழ்த்தட்டு, நீலப் பூ, ஐந்து இதழ் என்று சொல்லிக்கொண்டே போய் எடுத்து வந்துவிடுவாள். எடுத்ததை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். சத்தம் சரியில்லை என்றால் அது எவ்வளவு அழகான கப்பாக இருந்தாலும் விற்க மாட்டாள். என்னையும் அண்ணனையும் அப்படித் தட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

நான் இந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கல்யாணம் முடிந்துபோன கதை இங்கே வேண்டாம். ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அண்ணி கேட்கவில்லை. நாலாம் நாள் ஒரு சாஸரைக் கையில் கொடுத்து, இதைக் கட்டு பார்க்கலாம் என்றாள். அன்றிலிருந்து கடைக்கு பார்சல் கட்டுகிறவள் நான்தான். பிறந்த வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள் என்று ஒருவரும் பேச முடியாதபடி மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு அவனும் இந்தக் கடையில்தான். கட்டிய பார்சல்களை ஸ்கூட்டரில் ஏற்றிக் கூரியர் ஆபீஸில் கொண்டு போய்ச் சேர்ப்பான். மூன்று பேருக்கும் இந்தக் கடைதான் சோறு.

நான் கட்டிய பார்சல் உடையாது. தற்பெருமை என்றாலும் உண்மை. பபிள் ராப்பில் மூன்று சுற்று, இண்டு இடுக்கில் தெர்மாகோல், மேலே டேப். திறப்பதற்கு வாடிக்கையாளர் கத்தியைத் தேட வேண்டும். ஒரு அம்மாள், கப் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை வெளியே எடுப்பதற்குள் காபி ஆறிவிட்டது என்று எழுதினார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வம்பு ஒரு மழை நாளில் வந்தது. எங்கள் மாடிக்குக் கீழே தையல்காரர் கடை. வாசல் சாக்கடை அடைத்துத் தண்ணீர் வடியாமல் நேராக அவர் கடைக்குள் புகுந்துவிட்டது. கீழ்த்தட்டில் தைத்து மடித்து வைத்திருந்த துணி அத்தனையும் சேற்றுத் தண்ணீரில். துப்புரவுப் பணியாளர் ஒருவர் கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். பாய் அகலத்துக்குப் பபிள் ராப் வந்தது. கூடவே தெர்மாகோல் உருண்டைகள். வருகிற சரக்கோடு வந்த குப்பை, நான் அளவு தப்பி வெட்டிப் போட்டது என்று வாரம் ஒரு மூட்டை வாசலில் வைப்போம். குப்பை வண்டி வருவதற்குள் நாய் பிரித்துவிடும். அந்த அவியலில் ஒரு துண்டில் எங்கள் கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. கப் படம், எழுத்து, எல்லாம் பளிச்சென்று அப்படியே இருந்தன. ஒட்டியவள் நான் ஆயிற்றே.

துப்புரவுப் பணியாளர் அதைக் கையில் பிடித்து, இது உங்கள் கடைதானே என்று அண்ணியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். தையல்காரர் சத்தம் போடவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார், எங்கள் பால்கனியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கடைத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். நனைந்த துணிகளுக்கு ஈடும் கொடுத்தாள். ஆனாலும் அன்றிலிருந்து தையல்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

அன்று சாயங்காலமே இனி இந்த வீட்டிலிருந்து பபிள் ராப்போ தெர்மாகோலோ வெளியே போகாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நம்ம வீட்டு ஒரு மூட்டையாலயா அண்ணி ஊர்ச் சாக்கடை அடைக்குது?"

"ஊர்ச் சாக்கடையப் பத்தி நான் பேசல. கீழ இருக்கிறவர் கடையப் பத்திப் பேசறேன்" என்றாள்.

மறுநாள் இருந்த ரோல்களையெல்லாம் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்றைத் தவிர. ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஒரு ரோலை நான் என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

முதலில் பழைய செய்தித்தாளில் சுற்றினோம். மை வெள்ளைப் பீங்கானில் இறங்கிவிட்டது. தன் தட்டில் நேற்றைய வானிலை அறிக்கையைப் படிக்க முடிகிறது என்று ஒருவர் எழுதினார். அடுத்து எழுத்தில்லாத பழுப்புத் தாளைக் கசக்கி அடைத்தோம். அனுப்புவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்றாள் அண்ணி. எங்கள் வீட்டு மாடிப்படி பதினான்கு. மேல் படியிலிருந்து எறியும் வேலையை முதலில் அண்ணனுக்குக் கொடுத்தாள். அவன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். தூங்குகிற குழந்தையை இறக்குவது போல இறக்கினான். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. கோபம் வருகிற நேரமாகப் பார்த்துச் சொல்லு, அப்போது எறியலாம் என்று அண்ணி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. பத்து பார்சல் எறிந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

அந்த மாதம் ஏழு உடைந்தன.

மாதத்துக்கு ஏறக்குறைய நூறு பார்சல் போகும். நாங்கள் விற்கிற ஆன்லைன் சந்தைக்காரர்களின் விதி, நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உடைந்து போகக் கூடாது. எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதமும் இரண்டைத் தாண்டினால் கடையை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது கப் உடைந்தால் கதை முடிந்தது என்று அண்ணன் சுருக்கமாக மொழிபெயர்த்தான்.

போதும், பழையபடி பபிள் ராப்புக்குப் போகலாம் என்று நான் சண்டை போட்டேன். முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காதீர்கள் என்றும் சொன்னேன். அண்ணி ஒரு பார்சலைக் கட்டி அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் வைத்து இறுக்கினாள். இரண்டு நாள் அது அவனோடு எல்லா மேடு பள்ளமும் சுற்றியது. மூன்றாம் நாள் எடுத்து ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஆடுகிறது. கட்டின சூட்டோடு எறிந்து பார்த்து நாங்கள் ஏமாந்திருக்கிறோம். லாரியில் இரண்டு நாள் குலுங்கியதும் தாள் அமுங்கிப் போய் இடைவெளி விழுகிறது, அதற்குப் பிறகு ஒரு சின்ன அடி போதும். தப்பு எங்கே என்று தெரிந்தது. அண்ணிக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவளைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

அமுங்காத தாள் எது என்று இரண்டு நாள் அதே பேச்சு. தெருமுனை பேக்கரிக்குப் பின்னால் தினம் முட்டை அட்டைகளை அடுக்கி எறிவார்கள். அண்ணி அதில் பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெட்டிக் கப்பைச் சுற்றிக் கட்டினால் கச்சிதம். ஸ்கூட்டரில் மூன்று நாள் சுற்றியும் ஆடவில்லை, படியிலிருந்து எறிந்தும் உடையவில்லை. நாற்பது அட்டை சேர்த்தோம். ஒரே குறை, அங்கங்கே காய்ந்த முட்டை. நாற்றம், எறும்பு.

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. அண்ணனும் அண்ணியும் சரக்கு எடுக்கப் போயிருந்த மதியம், நாற்பது அட்டையையும் மொட்டை மாடியில் பெரிய டப்பில் சோப்புத் தண்ணீர் போட்டு ஊற வைத்தேன். கழுவிக் காயப் போட்டு அவர்கள் வருவதற்குள் அடுக்கி வைத்துப் பேர் வாங்க வேண்டும் என்று ஆசை. அரை மணியில் போய்க் கையை விட்டால் அட்டை எங்கே இருக்கிறது? முழுக்கக் கூழ். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. காகிதம் தண்ணீரில் கரையும் என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது எனக்கு அட்டையாகத் தெரியவில்லை, அழுக்குப் பாத்திரமாகத்தான் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் கூழைக் கை கையாக அள்ளிச் சுவரில் அடித்தேன். பாதி, சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த கப்புகளின் மேல் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நல்ல வெயில். அதற்கு மறுநாள் அண்ணி கப்புகளை எடுக்க மாடிக்குப் போனாள். வெகு நேரம் வரவில்லை. பிறகு மேலிருந்து என் பேரைக் கூப்பிட்டாள். இன்று நமக்கு இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவள் கையில் ஒரு தொப்பி. கப்பின் மேல் விழுந்த கூழ் காய்ந்து, கழற்றியதும் கப்பின் வளைவு அப்படியே உள்ளே பதிந்து, கெட்டியாக வந்திருந்தது. விரல் முட்டியால் தட்டினாள். கப்பின் மேல் மறுபடி கவிழ்த்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டாள். கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது நீ எறிஞ்சதா?"

"ஆமா. கோபத்துல எறிஞ்சுட்டேன்."

"இன்னொரு தடவை கோபப்படு" என்றாள்.

இப்படித்தான் எங்கள் கூடு பிறந்தது. எறிந்தவள் நான், கண்டுபிடித்தவள் அவள். ஆபீஸ்களிலிருந்து கழித்த தாள், முட்டை அட்டை, கொஞ்சம் கஞ்சிப் பசை எல்லாவற்றையும் கரைத்து, கப்பின் மேல் மெல்லிய ஈரத்துணி போர்த்தி, கூழை அப்பி, பிழிந்து அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. காய்ந்ததும் இரண்டுக்கும் நடுவில் கப்பைப் படுக்க வைத்து நூல் கட்டிவிடலாம். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் அளவிலேயே கூடு. எங்களிடம் ஒன்று போல இரண்டு கப் இல்லையே, கடையில் வாங்குகிற எந்த டப்பாவும் பொருந்தாது. கைவேலை அதிகம்தான். கட்டுகிறவள் என்ற பதவியிலிருந்து கூழ் பிசைகிறவள் என்ற பதவிக்கு நான் இறங்கினேன். நகக்கண் எல்லாம் காகிதம். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

அடுத்த மாதத்தின் முதல் பதினைந்து நாள் ஒரு பார்சலும் உடையவில்லை. பதினாறாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாளில் காய்ந்த கூடு ஐந்து நாளாகியும் காயவில்லை. பாதி ஈரத்தோடு அனுப்பியதில் இரண்டு உடைந்தன. இரண்டு என்றால் எல்லை. இன்னும் பதினோரு பார்சல் கூட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

அந்தப் பதினொன்றில் ஒன்று சர்க்கரை ஜாடி மூடி. பச்சைக் கொடி போட்ட, மேலே மொட்டு வைத்த, விளிம்பு காகிதம் போல மெல்லிய மூடி. அண்ணி எட்டு மாதம் தேடி எங்கேயோ ஒரு மூடிய ஹோட்டலின் பெட்டியில் கண்டுபிடித்தது. அது போல இன்னொன்று கிடைக்காது. அதன் கூடு முன்னறை மேசையில் ஈரச் சோறு போல உட்கார்ந்திருந்தது. மறுநாள் அனுப்ப வேண்டிய தேதி.

அன்று மதியம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெரு வரை போய்விட்டு வருகிறேன் என்று அண்ணி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த மழையில் என்ன வேலை என்று கேட்டதற்குக் காகித டேப் தீர்ந்துபோயிற்று என்றாள். அவள் தெருவைத் தாண்டியதும் நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். நாலு சுற்று. உள்ளேயும் அடைத்தேன். பெட்டியில் வைத்து மேலே நல்ல பிள்ளையாக, மிச்சமிருந்த காகித டேப்பை ஒட்டினேன். ஆறு வருஷத்தில் நான் கட்டிய பார்சல்களிலேயே அழகானது அதுதான்.

அண்ணி முழங்கால் வரை நனைந்து வந்தாள். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே மேசையில் இருந்த பார்சலை ஒரு கையால் தூக்கினாள். தராசில்கூட வைக்கவில்லை. கூட்டின் கனம் இல்லை என்பது அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். கத்திரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டி, நீயே பிரி என்றாள்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது அத்தனையும்.

"இது உடைஞ்சா கடை போச்சு அண்ணி. உங்களுக்கு அண்ணன் இருக்கான், ரெண்டு பேரும் எதையாவது பண்ணிப் பிழைச்சுக்குவீங்க. நான் எங்க போவேன்? எனக்கு இந்த மேசைய விட்டா வேற என்ன இருக்கு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உடைஞ்சா என்ன ஆகும்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. இதுல போய் உடையாம இருந்துட்டா அதவிட பயமா இருக்கு. அப்புறம் மழைன்னா ஒரு தடவை, அவசரம்னா ஒரு தடவைன்னு நாம ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில கைய விட்டுக்கிட்டே இருப்போம்."

"ரோல் அங்க இருக்குன்னு தெரியுமா?"

"அது உன் கட்டில விட அகலம். ஒரு முனை வெளியதான நீட்டிக்கிட்டு இருக்கு. நீயா எடுத்துப் போடுவேன்னு இருந்தேன்" என்றாள்.

பிரித்தேன். ரோலை அப்போதே தூக்கிக்கொண்டு போய் வாங்கிய கடையில் நானே கொடுத்துவிட்டு வந்தேன். கொட்டுகிற மழையில், குடை கூட எடுக்காமல். ரோஷம்தான், வேறென்ன.

திரும்பி வந்தபோது அண்ணி பதினோரு பேருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். உங்கள் பொருளின் கூடு இன்னும் காயவில்லை, ஈரமாக அனுப்பினால் உடையும், நாலைந்து நாள் பொறுக்க முடியுமா, முடியாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவ்வளவுதான். வாடிக்கையாளரே சம்மதித்தால் தாமதத்தைச் சந்தைக்காரர்கள் குற்றமாக எடுப்பதில்லை. இப்படிக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரர் தன் குறையைத் தானே சொல்வாரா என்றுதான் நான் நினைத்திருப்பேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். எட்டுப் பேர் சரி என்றார்கள். மூடி கேட்ட அம்மாளிடமிருந்து நீளமாகப் பதில் வந்தது. கல்யாணமான முதல் வாரத்தில் அந்த மூடியை உடைத்தது அவர்தானாம். பூனையின் மேல் பழியைப் போட்டுவிட்டாராம். மாமியார் இருந்தவரை அந்தப் பூனையைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். "நாற்பது வருஷமாக மூடாத ஜாடி. எறும்பு தின்றுகொண்டுதான் இருக்கிறது. இன்னும் நாலு நாள் தின்னட்டும்" என்று முடித்திருந்தார்.

நாலு நாளில் காய வேண்டுமே. ஈரம் இல்லாத, சூடான அறை அந்தக் கட்டிடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அண்ணி படியிறங்கினாள். எனக்கு உயிர் போனாலும் அங்கே போய்க் கேட்கிற தைரியம் வராது. பாதிப் படியில் நின்று ஒட்டுக் கேட்டேன். தையல்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி சுற்றி வளைக்காமல் கேட்டாள், உங்கள் இஸ்திரி மேசைக்கு மேலே இந்தக் கூடுகளைக் காய வைத்துக்கொள்ளட்டுமா என்று. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"சொட்டுமா?" என்றார்.

"பிழிஞ்சுதான் கொண்டு வருவேன். சொட்டாது."

"அப்ப அந்தக் கம்பியில மாட்டுங்க. துணி மேல விழக் கூடாது."

அதுதான் மாதக்கணக்கில் அவர் எங்களோடு பேசிய முதல் பேச்சு. அன்று ஒன்பது ஜோடிக் கூடுகள் அவர் தலைக்கு மேலே தொங்கின. இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அவரே ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்ததற்கு அடையாளம் என்ன என்றும் என்னிடம் கேட்டார். தட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். தட்டினார்.

மூடி நாலாம் நாள் கிளம்பியது. அது போய்ச் சேரும் வரை ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் வெளியே தைரியமாக இருப்பது போலக் காட்டிக்கொண்டு கைப்பேசியை மணிக்கு நாலு தடவை பார்த்தான். அண்ணி வழக்கம் போலக் கப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிதானத்தைப் பார்த்து, இவளுக்குக் கல் நெஞ்சு, நம்மைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்று நான் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆறாம் நாள் படம் வந்தது. மேசையில் ஜாடி, அதன் மேல் மூடி. கூட்டைத் தண்ணீரில் கரைத்து ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டதாக அம்மாள் எழுதியிருந்தார். மற்ற எட்டும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. மாதம் இரண்டோடு முடிந்தது. எச்சரிக்கை விலக்கப்பட்டது என்று சந்தைக்காரர்களிடமிருந்து ஒரே வரி வந்தது. அண்ணன் அதைப் பத்து தடவை படித்தான்.

மறுநாள் ஒன்றாம் தேதி. காலை பத்தரை மணிக்கு எனக்கு ஒரு போன். தெரியாத நம்பர். கடைத்தெருவில் இருக்கிற பெரிய பாத்திரக் கடையின் மேலாளர் பேசுகிறேன் என்றார். இன்று பேக்கிங் பிரிவில் சேர வேண்டியவர் நீங்கள்தானே, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்றேன். இல்லை என்று என் பேரையும் நம்பரையும் படித்துக் காட்டினார்.

"உங்க அண்ணி அன்னைக்குக் கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாங்களே. ஒரு இடம்தான் காலி, நீங்க சேர்றீங்களான்னு கேட்டேன். எனக்கு இல்ல, என் நாத்தனாருக்குன்னாங்க. ஆறு வருஷமா அவ கட்டுன பார்சல் உடைஞ்சதே இல்ல, இப்ப உடையறதெல்லாம் என் பிடிவாதத்தால உடையுதுன்னாங்க. அப்படிச் சொன்னதாலதான் வேற ஆளு பாக்காம வெச்சிருந்தேன்."

வரவில்லை என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் அந்தக் கடையில் சொட்டச் சொட்ட நின்று எனக்காக வேலை கேட்டுக்கொண்டிருந்த அதே மணி நேரத்தில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கமாக இருந்தது. 

முன்னறைக்குப் போனேன். அண்ணி தரையில் உட்கார்ந்து கூட்டுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரக் கடையிலிருந்து போன் வந்தது என்றேன்.

"அடடா, அவர்கிட்ட வேணாம்னு சொல்ல மறந்தே போச்சு" என்றாள்.

"உங்களுக்குக் கேக்க வேண்டியதுதான?"

"ஒரு இடம்தான இருந்துச்சு" என்றாள், நூலைப் பல்லில் கடித்தபடி.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதேன். அவள் கையிலிருந்த கூட்டுக்கு முடிச்சைப் போட்டு முடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

"தள்ளி உக்காரு. கூடு நனையுது" என்றாள்.